மொட்டை மாடியில் இரண்டு அறை கட்டப் போய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பேப்பரோடு வருகிற வீடு-மனை இணைப்பைத் தவறாமல் படிக்கிறவன் நான். அதில் புது வீடு கட்டுவது பற்றி வருகிறது, ஃப்ளாட் வாங்குவது, வங்கிக் கடன், மாடுலர் கிச்சன் எல்லாம் வருகிறது. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா கட்டிய வீட்டின் தலையில் இன்னும் இரண்டு அறையை ஏற்றப் பார்க்கிறவன் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், அவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் நான் பார்த்தவரை ஒன்றும் வந்ததில்லை. எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வீட்டுக்காரர்கள் அந்த நிலையில்தான் இருக்கிறோம். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குத் திருச்சி உறையூர். அப்பா கைத்தறிச் சேலை வியாபாரம் செய்து 1989இல் கட்டிய வீடு. தூண் கிடையாது, எல்லாம் சுவர் தாங்குகிற கட்டடம், மேலே காங்கிரீட் தளம், அதன் மேல் சுர்க்கி போட்டுத் தட்டோடு பதித்த மொட்டை மாடி, சுமார் 700 சதுர அடி. 2024 தொடக்கத்தில் பையனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்ததும், மேலே இரண்டு ரூமும் ஒரு பாத்ரூமும் எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது.

ஆர்க்கிடெக்ட் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. அதெல்லாம் பங்களா கட்டுகிறவர்களுக்கு, சினிமாக்காரர்களுக்கு என்றுதான் இருந்தோம். பக்கத்துத் தெருவில் 'பிளான், எஸ்டிமேட், அப்ரூவல், கட்டுமானம்' என்று போர்டு வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டோம். வேலையை அவரிடமே கொடுத்தால் பிளான் இலவசம், சதுர அடிக்கு 2,200 ரூபாய், எல்லாம் சேர்த்து. ரெண்டே நாளில் ஒரே தாளில் பிளான் வந்துவிட்டது. கலர் அடித்து, முகப்பு எப்படி இருக்கும் என்ற படத்தோடு. மாடிக்குப் போய்ப் பார்த்தாரா என்றால் போனார், போனில் பேசிக்கொண்டே ஒரு சுற்று நடந்துவிட்டு இறங்கினார். ரெண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன்.

இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பெல் தொழிற்சாலையில் பாய்லர் பிரிவில் வெல்டராக முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் ஒரு முக்கியமான ஜாயின்ட் வெளியே போகாது, வெல்டர் கையில் சான்றிதழ் இல்லாமல் அந்த வேலையைத் தொடவும் விடமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்துவிட்டு, என் வீட்டு விஷயத்தில் 'நீங்க என்ன படிச்சிருக்கீங்க, எங்க பதிவு பண்ணியிருக்கீங்க' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கைப்பிடிச் சுவரை ஒரு பக்கம் இடித்து, வெளிப் படிக்கட்டுக்குக் குழியும் தோண்டியாகிவிட்டது. அந்த நேரத்தில் என் மைத்துனர் பெண் லீவுக்கு வந்தாள். ஆர்க்கிடெக்சர் நாலாம் வருஷம் படிக்கிறாள். பிளானைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "மாமா, மேல இந்தச் சுவர் வருதே, இதுக்குக் கீழ என்ன இருக்கு?" என்றாள். ஹால்தானே என்றேன். "அப்ப சுவர் எது மேல நிக்கும்?"

அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஹால் அகலம் பதினைந்து அடி. அந்தத் தளத்துக்கு நட்ட நடுவில், கீழே ஒரு பீம்கூட இல்லாத இடத்தில், பத்தடி உயரத்துக்கு நாலரை இஞ்ச் செங்கல் சுவர். பூச்சு இல்லாமல் வெறும் செங்கல் கட்டு மட்டுமே அடிக்கு இருநூறு கிலோ வரும், பதினைந்து அடிக்கு மூன்று டன். பிளான் போட்டவரிடம் கேட்டபோது, "ஒரு பீம் போட்டுக்கலாம் சார், என்ன இப்போ" என்றார். எங்கே போடுவீர்கள், அது எதன் மேல் உட்காரும் என்று கேட்டேன். "அதெல்லாம் மேஸ்திரி பார்த்துப்பார்." மேஸ்திரியைக் கேட்டால், இன்ஜினியர் சொன்னபடி செய்கிறேன் என்கிறார். சரி, போதும் என்று நிறுத்திவிட்டேன். திரும்பி வந்தது அறுபதாயிரம். இடித்த கைப்பிடிச் சுவர் வழியாகக் கோடை மழைத் தண்ணீர் ஹாலுக்குள் இறங்கியது தனிக் கதை.

அப்புறம்தான் ஆர்க்கிடெக்ட் தேடினோம், அதுவும் லேசாக இல்லை. முதலில் போன் செய்தவர் ஐம்பது லட்சத்துக்குக் கீழே வேலை எடுப்பதில்லை என்றார். இரண்டாமவர், பழைய கட்டடத்தில் தலையிட்டால் பிறகு எது விரிசல் விட்டாலும் எங்கள் மேல் வரும், வேண்டாம் சார் என்றார், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்றாமவர் போனையே எடுக்கவில்லை. நாலாவதாகக் கிடைத்தவர் ஒரு அம்மா, நாற்பது வயதிருக்கும். "வந்து பார்க்கிறதுக்கு மூவாயிரம் ரூபாய். பார்த்துவிட்டுக் கட்ட வேண்டாம் என்றும் சொல்லுவேன், அப்போதும் மூவாயிரம்தான்" என்றார். என் மனைவிக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது.

வந்தார். ஒரு கோடு போடவில்லை. டேப், சுத்தியல், டார்ச் கொண்டுவந்திருந்தார். இரண்டு மூலைகளில் அஸ்திவாரத்தைத் தோண்டிக் காட்டச் சொன்னார். நாலடி ஆழத்துக்குக் கருங்கல் கட்டு. "உங்க அப்பா நல்லா பண்ணியிருக்கார்" என்றபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. அடுத்து ஒவ்வொரு சுவரையும் அளந்தார். அப்போதுதான் தெரிந்தது, சமையலறைப் பக்கச் சுவர் மற்றதைப் போல ஒன்பது இஞ்ச் இல்லை, நாலரைதான். அப்பா பின்னால் சேர்த்த பகுதி அது. 35 வருஷமாகக் குடியிருக்கும் எனக்கே தெரியாது. பழைய பிளானில் அந்தச் சமையலறையே இல்லை.

பிறகு மாடிக்குப் போய் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, வடாம் எங்கே காய வைப்பீர்கள், துணி எங்கே, ஆடி மாசக் காற்று எந்தப் பக்கமிருந்து வரும், ராத்திரி எந்த ரூம் அனலாக இருக்கும் என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம் அதிகம் கேட்கவில்லை. வீட்டில் நான் இருந்தது ஷிப்ட் முடிந்த நேரத்தில் மட்டும்தானே.

அன்றைக்கு அவர் சொன்ன ஒரு விஷயத்தை மாடி எடுக்கிற எல்லோரும் கேட்டே ஆக வேண்டும். தட்டோட்டுக்குக் கீழே இருக்கிற சுர்க்கி, அதாவது சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து அடித்த அந்தப் படுகை, மூன்று நாலு இஞ்ச் கனம். முழு மாடிக்கும் கணக்குப் போட்டால் பத்து டன்னுக்குப் பக்கம். மொட்டை மாடியாக இருக்கும்வரை வெயிலுக்கும் மழைக்கும் அது வேண்டும். மேலே ரூம் வந்த இடத்தில் அதற்கு வேலையே இல்லை, வெறும் சுமை. பெயர்த்து எடுத்துவிட்டால் அந்த எடையை மேலே கட்டுகிற சுவருக்குக் கொடுக்கலாம். முதல் ஆள் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று சொல்லியிருந்தார்.

கம்பிக் கணக்குக்கு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அவரே அழைத்துவந்தார். இன்னும் ஒரு மாடி தாங்கும், அதற்கு மேல் என்றைக்கும் வேண்டாம் என்று எழுதியே கொடுத்தார் அந்த இன்ஜினியர். சமையலறைப் பக்கம் மட்டும் பழைய சுவரை நம்பாமல் வெளியே இரண்டு தூண் எழுப்பி, அதன் மேல் பீம். மேலே உள் சுவர்களுக்குச் செங்கல் வேண்டாம், ஏஏசி பிளாக் போதும் என்றார், உள்ளே காற்றுக் குமிழிகளோடு செய்கிற லேசான கட்டுமானக் கல், அது செங்கல் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். கீழ்ச் சுவருக்கு நேர் மேலே மேல் சுவர், கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலே மேல் பாத்ரூம், பைப் நேராக இறங்கிவிடும். மேற்கு வெயிலைத் தடுக்க பாத்ரூமையும் அலமாரியையும் அந்தப் பக்கம் தள்ளி, காற்று வருகிற இடத்தில் மட்டும் ஒரு ஜன்னல். கேட்கும்போது எல்லாம் சாதாரணமாக இருக்கிறது, ஆனால் இலவசப் பிளானில் இதில் ஒன்றுகூட இல்லை.

என் அம்மாவுக்கு 82 வயது. மனையடி சாஸ்திரப்படி ரூம் அகலம் பன்னிரண்டு அடி ஆகாது, பதினொன்று வைக்கச் சொல் என்று பிடிவாதம். ஆர்க்கிடெக்ட் படித்தவர், சண்டை போடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவரோ ஒரு பக்கச் சுவர் முழுக்க அலமாரி கட்டி உள்ளளவைச் சரியாகப் பதினோரு அடிக்குக் கொண்டுவந்துவிட்டு, "பாட்டி, டேப் வெச்சு அளந்துக்கோங்க" என்றார். எங்களுக்கு அலமாரி மிச்சம். அம்மா நிஜமாகவே அளந்தார்.

அனுமதி விஷயத்தில்தான் கொஞ்சம் கசந்தது. பின்பக்கம் காலி இடம் விட வேண்டிய இடத்தில் நாங்களாகவே ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டிருந்தோம். முதல் ஆள் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொன்ன விஷயம் அது. இந்த அம்மா, உள்ளதை உள்ளபடி வரைவேன், கொட்டகையை எடுத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டார். எடுத்தோம். பைக் நிறுத்த இடம் போய்விட்டதே என்று பையன் ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது பலருக்கும் தெரியும். 2,500 சதுர அடி வரை மனை, அதில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் மாடியுமாக வீடு என்றால் ஆன்லைனில் விண்ணப்பித்துப் பணம் கட்டியதும் அனுமதி. புது வீடு கட்டுகிறவர்களுக்கு நல்ல வசதி, அலைச்சல் இல்லை. ஆனால் 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்கிற பொறுப்பு நம் தலையில் வந்துவிடுகிறது. பழைய வீட்டின் மேல் கட்டுவது வேறு கதை, அதில் சரியாக இருக்கிறதா இல்லையா என்பது தோண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று. போர்டில் ஆர்க்கிடெக்ட் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. 1972ஆம் வருஷத்து ஆர்க்கிடெக்ட் சட்டப்படி, ஐந்து வருஷப் படிப்பு மாதிரியான தகுதியோடு கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவருக்குத்தான் அந்தப் பெயர். பதிவு எண் சிஏ என்று தொடங்கும், நடுவில் பதிவு செய்த வருஷம் இருக்கும். கவுன்சில் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிக்கொள்ளலாம். என் பையன் ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொன்னான். ஆனால் சட்டம் பெயரைத்தான் காக்கிறது, வேலையை இல்லை. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே, பதிவு செய்யாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளத்தான் தடை, கட்டடம் வடிவமைக்கத் தடை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் என் முதல் ஆள் சட்டப்படி தப்பு எதுவும் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். கேட்க வேண்டியதைக் கேட்காதது நான்.

சிவில் இன்ஜினியர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். என் வீடு நிற்பதே அந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் போட்ட கணக்கில்தான். என் வருத்தமெல்லாம், வரைகிறவரே கட்டவும் செய்து அந்த லாபத்தில் பிளான் காசையும் எடுக்கிறார் என்றால், 'இங்கே கட்டாதீங்க' என்று அவர் எப்படிச் சொல்லுவார்? ஆர்க்கிடெக்ட்களும் எல்லோரும் ஒழுங்கு இல்லை. வரைந்து கொடுத்துவிட்டு சைட் பக்கமே வராதவர்கள், வெயில் ஊரில் முகப்பு முழுக்கக் கண்ணாடி வைக்கச் சொல்கிறவர்கள், டைல்ஸ் கடையில் கமிஷன் வாங்குகிறவர்கள் என்று உறவுக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்த அம்மாவிடம் எழுதி வாங்கினேன். எத்தனை தாள் தருவார், எத்தனை முறை வருவார், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், நடுவில் நாங்கள் மனசு மாறினால் திருத்தம் எத்தனை தடவை இலவசம். இரண்டு பக்கம்தான், அவரே கொண்டுவந்தார்.

மொத்தம் பதினோரு தாள் வந்தது. கரண்ட் பாயிண்ட் தனி, பைப் தனி, கதவு ஜன்னல் அளவு தனி, கம்பி கட்டுவதற்கு மட்டும் மூன்று. புதிதாக வந்த மேஸ்திரி பார்த்துவிட்டு, "வீடு கட்றோமா ராக்கெட் விடுறோமா சார்" என்று சிரித்தார். பத்து நாள் கழித்து அந்தத் தாள்களை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டவரும் அவர்தான். சுவிட்ச் எங்கே, சிங்க் எங்கே என்று என்னிடம் வந்து வந்து கேட்க வேண்டியதில்லை பாருங்கள். மேல் தளம் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த அம்மா வந்து சென்டரிங் மேல் ஏறினார். கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்துகிற சின்ன சிமெண்ட் கட்டியான கவர் பிளாக்கைக் கம்பிக்குக் கீழே வைக்க வேண்டிய இடத்தில் ஜல்லித் துண்டைச் செருகியிருந்தார்கள். எல்லாவற்றையும் எடுத்து மாற்றும்வரை இறங்கவில்லை. தளம் போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியாகிவிட்டதா என்று போன்.

காசு எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆர்க்கிடெக்ட்டுக்கு 65,000, அதில் முதல் மூவாயிரத்தைக் கழித்துக்கொண்டார். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு 20,000. முதல் ஆள் கணக்கில் 650 சதுர அடிக்கு 14 லட்சத்து 30 ஆயிரம் வந்திருக்கும். எங்களுக்கு எல்லாம் சேர்த்து 15 லட்சத்து 70 ஆயிரம் ஆயிற்று. ஆர்க்கிடெக்ட் வைத்தால் செலவு குறையும் என்று சிலர் சொல்வதை நான் சொல்ல மாட்டேன், எங்களுக்குக் குறையவில்லை. முதல் ஆளிடம் போன ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைச் சேர்த்தால் இன்னும் அதிகம்.

இப்போது எங்கள் தெருவுக்கு வருகிறேன். இரண்டு மூன்று மாடிகளில், பின்னால் மாடி எடுக்கலாம் என்று நீட்டிவிட்ட தூண் கம்பிகள் பதினைந்து இருபது வருஷமாக நிற்கின்றன, முனையில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். துரு ஏறி, தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. அந்தக் கம்பியோடு புதுக் கம்பியைக் கட்டி அப்படியே மேலே போவதற்கு ஒருவர் இந்த ஆவணியிலேயே நாள் பார்த்துவிட்டார். ஆர்க்கிடெக்ட்டிடம் ஒரு தடவை காட்டுங்களேன் என்றேன். "அவங்க எவ்வளவு கேப்பாங்களோ, நமக்கெல்லாம் வருவாங்களா" என்கிறார். கேட்டுப் பார்க்கவே கூச்சம்.

டாக்டரிடம் போகிறோம், கன்சல்டிங் ஃபீஸ் இவ்வளவு என்று முன்னாலேயே தெரியும். மருந்து வேண்டாம் என்று அனுப்பினாலும் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். ஆர்க்கிடெக்ட்களும் அதே மாதிரி, பழைய வீட்டை வந்து பார்த்துச் சொல்ல மட்டும் இவ்வளவு என்று வெளிப்படையாக வைத்தால் என்ன? முழு வேலையும் தங்களுக்கே வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல், பார்த்து எழுதிக் கொடுக்க மட்டும். அவர்களுடைய சங்கங்கள் ஊர் ஊராக அப்படி ஒரு தொகையை அறிவிக்கலாம். திருச்சியில் என்ஐடியிலேயே ஆர்க்கிடெக்சர் துறை இருக்கிறது. மாசத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே ஆசிரியர்களோடு பிள்ளைகளும் உட்கார்ந்து, வீட்டுப் பிளானைக் கொண்டுவருகிறவர்களுக்கு ஆலோசனை சொன்னால் எத்தனையோ பேர் வருவார்கள். என் மைத்துனர் பெண் கேட்டது ஒரே ஒரு கேள்விதானே.

உங்கள் இணைப்பிலும் பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது அரைப் பக்கம் ஒதுக்கி, மாடி எடுக்கிறவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் ஒருவரை வைத்துப் பதில் போடுங்கள். முதல் கேள்வியாக எங்கள் தெருக்காரரின் துருக் கம்பியையே எடுத்துக்கொள்ளலாம், போட்டோ என்னிடம் இருக்கிறது. ஆவணிக்கு முன்னால் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பெல் ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர்,
உறையூர், திருச்சி.